படுக்கையறைக்குள் புகையூட்டும் குளிசை: கொழும்பு அங்கத்தவர் ஒருவருக்கு மறுமொழி

கேள்வி: அப்பா தொடங்கிய பீடைக் கட்டுப்பாட்டுத் தொழிலை அவருக்குப் பின் கொட்டாஞ்சேனையிலிருந்து நடத்தி வருகிறேன். வேலைக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள். சென்ற வருடம் எமது துறைச் சங்கத்தில் அங்கத்தவரானேன். அன்றிலிருந்து சுற்றறிக்கைகள் ஆங்கிலத்தில் வந்து குவிகின்றன; எதை உடனே கவனிப்பது, எதைக் கோவையில் போட்டு வைப்பது என்று விளங்கவில்லை. இதற்கிடையில், பம்பலப்பிட்டிப் பக்கம் ஆறு கட்டடங்கள் வைத்திருக்கும் விடுதி உரிமையாளர் ஒருவர், மூட்டைப்பூச்சிக்கு அறைகளில் புகையூட்டும் குளிசை போட்டு ஒரே இரவில் முடித்துத் தரும்படி கேட்கிறார். வேறொருவர் பாதி விலைக்குச் செய்ய முன்வந்திருக்கிறாராம். கடைசியாக வந்த சுற்றறிக்கை இதைச் செய்ய வேண்டாம் என்கிறது. மறுத்தால் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும். அப்பாவின் காலத்துக் குளிசைப் போத்தல் ஒன்றும் பாதியளவில் எங்கள் களஞ்சியத்தில் கிடக்கிறது. என்ன செய்யட்டும்?
– கொழும்பு 13 வாசகர்

அன்பின் தம்பிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கே முதலில் மறுமொழி எழுதுகிறேன், ஏனெனில் அது காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல. ஆட்கள் உறங்கும் கட்டடத்துக்குள் அந்தப் புகையூட்டும் குளிசையை, அதாவது அலுமினியம் பொஸ்பைட்டுக் குளிசையை, ஒருபோதும் போடாதீர்கள். அறையைப் பூட்டினாலும், கதவிடுக்குகளை நாடா ஒட்டி அடைத்தாலும், உரிமையாளர் தம் பொறுப்பில் கையொப்பமிட்டுத் தந்தாலும், போடாதீர்கள். 2025 பெப்ரவரித் தொடக்கத்தில் கொழும்பில் பயணிகள் விடுதியொன்றில் தங்கியிருந்த இரண்டு இளம் வெளிநாட்டுப் பெண்கள் உயிரிழந்ததையும், அதே விடுதியின் அறையொன்றில் சில நாட்களுக்கு முன் மூட்டைப்பூச்சிக்காகப் புகையூட்டப்பட்டிருந்ததாகச் செய்திகள் வெளிவந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வாடிக்கையாளரும் அதே நகரத்தில் பயணிகளுக்கு அறை கொடுப்பவர்தான்.

வேண்டாம் என்று மட்டும் சொன்னால் உரிமையாளர் ஏற்கமாட்டார். ஆகவே கணக்கைக் காட்டுங்கள். மூன்று கிராம் எடையுள்ள ஒரு குளிசை, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து, ஏறக்குறைய ஒரு கிராம் பொஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளிவிடுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவும் ஒன்பது அடி உயரமுமான ஓர் அறையின் கொள்ளளவு சுமார் 30 கன மீற்றர். அந்த அறையில் அந்த ஒரு கிராம் வாயு பரவினால், பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 24 பங்கு பொஸ்பீன் இருக்கும். எட்டு மணி நேரம் வேலை செய்யும் ஒருவர் சுவாசிக்கலாம் என்று தொழிற்பாதுகாப்பு அளவீடுகளில் வகுத்திருக்கும் எல்லையோ 0.3 பங்கு. அதாவது, ஒரேயொரு குளிசை அந்த எல்லையை எண்பது மடங்கு தாண்டிவிடுகிறது. மூன்று குளிசைகள் போட்டால் 70 பங்கைத் தாண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதப்படும் அளவு 50 பங்கு. ஒரு மெத்தைக்கு ஒரு கைப்பிடி என்று போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது.

அந்த வாயு போட்ட அறையிலேயே நிற்கும் என்று நம்பவும் முடியாது. பொஸ்பீனின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைவிடச் சற்றே கூடியது; ஆகையால் அது தரையில் படிந்து கிடக்காமல் காற்றோடு கலந்து, காற்று போகும் வழியெல்லாம் போகும். கொழும்பின் பழைய கட்டடங்களில் அறைக்கு அறை நடுவே பலகைத் தடுப்பும், பொதுவான கூரைவெளியும், மின்கம்பிக் குழாய்களும், குளியலறைக் கழிவுக் குழாய்களும் இருக்கின்றன. கதவில் நாடா ஒட்டுகிறவர் இவற்றுள் எதையும் அடைப்பதில்லை.

இதை நான் ஏட்டில் படித்து அறிந்தவன் அல்லன். இத்தொழிலுக்கு வந்த ஐந்தாவது வருடம், கிராண்ட்பாஸ் பக்கத்துக் களஞ்சியமொன்றில் அரிசி மூடைகளுக்குப் புகையூட்டினோம். மூடை அடுக்கைப் படங்கால் மூடி, விளிம்பெங்கும் மணற்பைகள் அடுக்கி, வாசலில் எச்சரிக்கைப் பலகையும் தொங்கவிட்டோம். எல்லாம் ஒழுங்காகச் செய்ததாகவே எண்ணினேன். களஞ்சியச் சுவருக்கு அப்பால் காவலாளி படுக்கும் சிறிய அறை இருந்தது. விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது அவர் வாசற்படியில் குனிந்து அமர்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். "இரவு வாங்கின பணிஸ் சரியில்லைப் போல, ஐயா" என்றார். நானும் அதை நம்பத்தான் இருந்தேன். அறைக்குள் எட்டிப் பார்த்தபோது, சுவரின் மேல் மூலையில், கம்பி இழுக்காமல் வெறுமையாக விடப்பட்ட மின்குழாயின் வாய் கண்ணில் பட்டது. அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, முச்சக்கர வண்டியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். தலைவலி, குமட்டல், வாந்தி, நெஞ்சு இறுக்கம் ஆகிய எல்லாம் உணவு நஞ்சானது போலவே தோன்றும் என்பதையும், பொஸ்பீனுக்கு மாற்று மருந்து கிடையாது என்பதையும் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வாங்கில் அமர்ந்துதான் முழுமையாக உணர்ந்தேன்.

மணத்தை நம்பியும் வேலை செய்ய முடியாது. உள்ளிப்பூண்டு மணமும் அழுகிய மீன் மணமும் வரும் என்று பழையவர்கள் சொல்வது பொய்யல்ல; ஆனால் அந்த மணம் பெரும்பாலும் வாயுவோடு வரும் அசுத்தங்களுடையது. மணம் இல்லாத இடத்தில் வாயுவும் இல்லை என்று சொல்வதற்கு அது ஆதாரமாகாது. அளவிடும் கருவி இல்லாதவர் புகையூட்டவே கூடாது. புறக்கோட்டையிலும் துறைமுகத்தை அண்டிய களஞ்சியங்களிலும் தானிய மூடைகளுக்கு இதே குளிசையை முறையாகப் போடும்போது, படங்கு மூடி, பல நாட்கள் விட்டு, பின்னர் திறந்து காற்றோட விட்டு, கருவி 0.3 பங்குக்குக் கீழே காட்டிய பிறகே ஆட்களை உள்ளே விடுகிறோம். ஒரே இரவில் முடித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையே இந்த வேலையின் இயல்புக்கு முரணானது என்று உரிமையாளருக்குச் சொல்லுங்கள்.

இனி, மூட்டைப்பூச்சியை எப்படித்தான் ஒழிப்பது என்பதற்கு வருவோம். வெப்ப நாடுகளின் மூட்டைப்பூச்சி இனத்தில், பைரத்ரொயிட்டு எனப்படும் வழமையான தெளிமருந்துக் குடும்பத்துக்கு எதிர்ப்புத்திறன் வளர்ந்திருப்பதை இலங்கையிலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆகவே மருந்தை மட்டும் கூட்டிக்கூட்டி அடிப்பது பணத்துக்கும் கேடு, உங்கள் ஆட்களின் உடம்புக்கும் கேடு. வேலையின் பெரும்பகுதி கண்ணாலும் கையாலும் செய்யவேண்டியது. ஒரு டோர்ச்சும் பழைய வங்கி அட்டை ஒன்றும் போதும். மெத்தையின் விளிம்புத் தையலை விரலால் விரித்து, அட்டையின் முனையை அதற்குள் மெதுவாக இழுத்து வந்தால், மிளகுத் தூள் சிந்தியது போன்ற கரும்புள்ளிகளும், அரிசிக் குருணையிலும் சிறிய வெண்ணிற முட்டைகளும், உரித்துப் போட்ட மங்கிய தோல்களும் வெளியே வரும். கட்டிலின் தலைப்பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, ஆணித் துளைகளையும் பாருங்கள். விடுதிகளில் பாதிப் பூச்சி அங்கேதான் இருக்கிறது.

கண்ட இடங்களை உறிஞ்சும் துப்புரவுக் கருவியால் இழுத்து, அதன் பையை உடனே கட்டி அகற்றுங்கள். தையல்களுக்கும் துளைகளுக்கும் நீராவி பிடியுங்கள். 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு பட்ட இடத்தில் பூச்சியும் பிழைக்காது, முட்டையும் பிழைக்காது. படுக்கை விரிப்புகளையும் திரைச்சீலைகளையும் உரிமையாளரே கடும் சூட்டில் உலர்த்தும் இயந்திரத்தில் அரை மணி நேரம் போட்டு எடுக்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுத்தில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழி உங்கள்மீது விழும். அதன் பிறகே, வீட்டுப் பாவனைக்கென்று பதிவுசெய்யப்பட்ட மருந்தை, லேபலில் சொன்ன இடங்களில், சொன்ன அளவில் இடுங்கள். எங்கள் வெப்பத்தில் முட்டை ஒரு கிழமை தொடக்கம் பத்து நாட்களுக்குள் பொரித்துவிடும். ஆதலால் பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் இரண்டாவது வருகை கட்டாயம். அதற்குரிய கூலியை முதற் சிட்டையிலேயே சேர்த்து எழுதுங்கள். பாதி விலைக்குச் செய்கிறவர் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வருகையைத்தான்.

உரிமையாளரோடு பேசும்போது மற்றவரைக் குறை சொல்லவேண்டாம். ஆறு கட்டடங்களில் ஒன்றை மட்டும் முதலில் எடுத்து, ஒரு மாதத்தில் காட்டுகிறேன் என்று கேளுங்கள். மருந்து மணம் எழும்பினால்தான் வேலை நடந்திருக்கிறது என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள் கொழும்பில் ஏராளம். அவர்களுக்கு மணத்துக்குப் பதிலாகக் கண்ணால் காணக்கூடிய ஒன்று வேண்டும். கட்டில் கால்களின் கீழ் வைக்கும் பொறிக்கிண்ணங்களில் முதற் கிழமை எத்தனை பூச்சி, நாலாம் கிழமை எத்தனை பூச்சி என்று அறை வாரியாக எழுதிக் கொடுங்கள். அதற்கு மேலும் குளிசைதான் வேண்டுமென்று அவர் நின்றால், அந்த ஒப்பந்தம் போகட்டும். ஐந்து குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டிய உங்களிடம் இதை நான் இலேசாகச் சொல்லவில்லை.

இப்போது சுற்றறிக்கைகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே பாரமாகச் சுமக்கவேண்டாம். கையில் எடுத்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதனால் நாளைக் காலை என் ஆள் கையில் எடுக்கும் போத்தல், அல்லது அதை இடும் முறை மாறவேண்டுமா? மாறவேண்டும் என்றால் அது அன்றைக்கே கவனிக்கவேண்டிய தாள். கூட்ட அறிவித்தல்களும் வெளிநாட்டு மாநாட்டுச் செய்திகளும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கலாம்.

இவற்றுள் தலையானது பதிவு பற்றிய அறிவித்தல். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பேராதனை கெட்டம்பையில் இருக்கும் பீடைகொல்லிகள் பதிவாளரிடம் பதிவாகாத எந்த மருந்தையும் இந்நாட்டில் இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. இது வெறும் அலுவலகச் சம்பிரதாயம் என்று எண்ணுகிறவர்களுக்கு நான் இந்நாட்டின் அனுபவத்தையே சுட்டிக்காட்டுவது வழக்கம். 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் போன்ற கடும் நஞ்சுகளும், 1998 இல் எண்டோசல்பானும் நிறுத்தப்பட்டன. அதற்கடுத்த ஆண்டுகளில் இலங்கையில் நஞ்சினால் இறந்தவர்களின் தொகை பெருமளவு குறைந்தது. விளைச்சல் குறையாமலே அது நடந்தது என்பதையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஒரு பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீக்கப்படுவது எத்தனை வீடுகளுக்கு உயிர் மிச்சம் வைத்திருக்கிறது என்பதை நினைத்தால், அப்படியான தாளை யாரும் கோவைக்குள் தள்ளமாட்டார்கள். அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று: கறையானுக்கு அத்திவார மண்ணில் நீண்ட காலம் ஊற்றப்பட்டு வந்த குளோர்பைரிபொஸ், 2025 இல், எளிதில் அழியாத நஞ்சுகள் பற்றிய சர்வதேச ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில், உலகளவில் ஒழிக்கப்படவேண்டிய பொருட்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்பாவின் களஞ்சியத்தில் அந்தப் பெயருள்ள பழைய கலன் எதுவும் மீதமிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் பாவிக்காமல் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து, எதிர்ப்புத்திறன் பற்றிய தாள்கள். மருந்தை மாற்றி மாற்றி அடியுங்கள் என்று அவற்றில் எழுதியிருப்பதைப் பலர் போத்தலை மாற்றுவது என்று விளங்கிக்கொள்கிறார்கள். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின், லம்டா சைஹலோத்ரின் ஆகிய நான்கும் ஒரே குடும்பம். பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது பெயர் மாற்றமே தவிர மருந்து மாற்றம் அல்ல. லேபலில் தொழிற்படும் முறையைக் குறிக்கும் தொகுதி எண்ணைப் பாருங்கள். பைரத்ரொயிட்டுகள் எல்லாம் மூன்றாம் தொகுதி, பிப்ரோனில் இரண்டாம் தொகுதி, இமிடாகுளோபிரிட் நான்காம் தொகுதி. எண் மாறினால்தான் மாற்றம். சாப்பாட்டுக் கடைக் குசினிகளில் கரப்பானுக்கு ஜெல் (மருந்து கலந்த பசை இரை) இடும் ஆளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள்: தெளிமருந்து பட்ட கையுறையோடு ஜெல் குழாயைத் தொடக்கூடாது, ஜெல் வைத்த இடத்தின்மேல் தெளிக்கவும் கூடாது. பைரத்ரொயிட்டின் வாடை பட்ட இரையைக் கரப்பான் ஒதுக்கிவிடும். பிறகு ஜெல் சரியில்லை என்று கடைக்காரரும், கடை சுத்தமில்லை என்று நீங்களும் வாதிட்டுக்கொண்டிருப்பீர்கள். குளிர்சாதனப் பெட்டியின் மோட்டருக்குப் பின்னால், சூடும் ஈரமும் சேரும் மூலையில், பச்சைப்பயறு அளவில் பல துளிகளாக வைப்பது, ஒரே இடத்தில் நீளமாகப் பிதுக்குவதிலும் நன்றாக வேலை செய்யும்.

நுளம்பு பற்றிய அறிவித்தல்கள் மழைக்காலத்துக்கு முன் வரும், அவற்றைத் தவறவிடவேண்டாம். 186,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகிக்கப்பட்ட 2017 ஐக் கொழும்பில் இருந்தவர் எவரும் மறந்திருக்க முடியாது. புகை அடிப்பது அந்த நேரத்தில் பறக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும், மறுகிழமை தண்ணீர்த் தாங்கியிலிருந்து புதியவை வரும் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல உங்கள் ஆட்களைப் பழக்குங்கள். இதில் நகரத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களே உங்களுக்கு நல்ல ஆசிரியர்கள்.

மொழிச் சிக்கலைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மையான குறை. சங்கத்துக்கும் நான் அதைத் தெரிவிக்கிறேன். ஆனால் மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திராதீர்கள். நீங்கள் வாசித்து விளங்கிக்கொண்டதை, இன்றிலிருந்து எதை நிறுத்துகிறோம், எதை மாற்றுகிறோம் என்று ஒரே வரியில், தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றுமாக, கைப்பட எழுதி, மருந்து அலுமாரியின் கதவில் ஒட்டுங்கள். காலையில் வாகனம் புறப்படுமுன் ஒருவரை அதை உரத்து வாசிக்கச் சொல்லி, ஏன் என்று அவரையே கேளுங்கள். பதில் தடுமாறினால் விளங்கவில்லை என்று பொருள். திட்டாமல் திரும்பச் சொல்லுங்கள். மருந்துப் போத்தல்களில் மும்மொழியிலும் லேபல் இருப்பது அந்த ஆளுக்காகத்தான். அதைக் கிழித்தெடுத்த போத்தலோ, தண்ணீர்ப் போத்தலுக்கு மாற்றி ஊற்றிய மருந்தோ உங்கள் வாகனத்தில் ஒருநாளும் இருக்கக்கூடாது.

கடைசியாக, களஞ்சியத்தில் கிடக்கும் அந்தப் பாதிப் போத்தல். அதை உங்கள் கையால் திறந்து பார்க்கவேண்டாம். பழைய போத்தலுக்குள் வாயு சேர்ந்திருக்கலாம்; மூடியைத் திருகும்போது அது காற்றுப் பட்டுத் தீப்பற்றக்கூடும். தண்ணீரில் போட்டு அழிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரம் பட்டால் முழு வாயுவும் ஒரேயடியாக வெளிவரும். கால்வாயில் எறிவதும் மண்ணில் புதைப்பதும் வேறொருவர் தலையில் போடுவதற்குச் சமம். வீட்டோடு சேராத, காற்றோட்டமுள்ள, மழைத்தூறல் எட்டாத இடத்தில், நிமிர்த்தி வைத்துப் பூட்டுங்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். வாகனத்தில் ஏற்றவே வேண்டாம். வெளிப்புறத்தில் தெரியும் பெயர், தயாரிப்புத் தொகுதி இலக்கம், திகதி ஆகியவற்றைப் படம் எடுத்து, விற்ற நிறுவனத்துக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் இந்தக் கிழமையே கடிதம் எழுதுங்கள். புகையூட்டலில் முறையான பயிற்சியும் வாயு அளவிடும் கருவியும் உள்ள ஒருவர் வந்து எடுத்துச் செல்லும்வரை அந்தப் பக்கம் யாரையும் படுக்க விடாதீர்கள். அதற்கிடையில் களஞ்சியத்துக்குப் போய்வந்த யாருக்கேனும் தலைவலியோ குமட்டலோ வந்தால், சாப்பாட்டைச் சந்தேகித்து நேரத்தைப் போக்காமல், 1990 அம்புலன்சை அழைத்து, பொஸ்பீன் என்ற பெயரை முதற் சொல்லாகச் சொல்லுங்கள்.